கடலுக்குப் போன கட்டில்கள்

பேத்தை மீனை எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. வலையில் ஏறிவிட்டால் கரையிலேயே உதறிவிடுவார்கள். பிள்ளைகள் குச்சியால் தட்ட, அது பந்து போல உப்பிக்கொள்ளும். காக்கைகூட ஒரு முறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதில் விஷம் இருக்கிறது என்பது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடை பழகும் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. அப்படியிருக்க, பரம்பரையாகக் கட்டுமரம் வைத்திருக்கும் ஒரு குடும்பம், மருமகள் பேத்தை மீன் தின்றுவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் அப்போது பெண்கள் வார்டில் நர்ஸாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. என் வீடும் அந்தப் பக்கம்தான். குப்பத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டும். காலைக் காப்பிக்கு முன்னால் முந்தின நாளை எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு அந்த வயதிலேயே உண்டு. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெண் இன்றும் நலமாக இருக்கிறாள். அவளைத் தேடிக்கொண்டு யாரும் போக வேண்டியதில்லை.

கோடை தொடங்கிய ஒரு பிற்பகல். கை ரிக்‌ஷாவிலிருந்து அவள் புருஷன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தான். பின்னால் அவன் அம்மா, மார்க்கெட்டில் மீன் விற்பவள், இடுப்பில் சொருகிய முந்தானையோடு ஓடி வந்தாள். பெண்ணுக்கு உடம்பெல்லாம் வியர்வை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வழியில் யாரோ உப்புத் தண்ணீர் ஊற்று, புளித்தண்ணீர் ஊற்று என்று சொம்போடு மறித்திருக்கிறார்கள். அவன் எதற்கும் நிற்காமல் நேரே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இதற்காக டாக்டரம்மா பிற்பாடு அவனைப் பலமுறை பாராட்டியிருக்கிறார். நினைவு தப்பியவள் வாயில் எதையாவது ஊற்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கியிருக்கும்.

டாக்டரம்மா தூத்துக்குடிக்காரர். இது குப்பத்துக்காரர்களுக்குத் தெரியாது. வெள்ளைக் கோட்டையும் மூக்குக் கண்ணாடியையும் பார்த்து, கடலைக் கண்ணால் காணாத ஊரிலிருந்து வந்தவர் என்று நினைத்திருப்பார்கள். அவர் பெண்ணின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி கடுகு போலச் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். என்னென்ன தயாராக வேண்டும் என்பதை அந்தப் பார்வையிலேயே புரிந்துகொண்டு நான் நகர்ந்தேன். அவர் கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன. தலையைத் திருப்பாமலே, மாமியாரிடம் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பேத்தை மீன் என்று பதில் வந்தது.

"நானும் கடக்கரைக்காரிதான்மா," என்றார் டாக்டரம்மா. "அத அறுத்தது யாரு?"

நான்தான் அறுத்தேன் என்று சொல்ல மாமியாரால் முடியாது. அந்தக் கையால் அறுத்த மீனை ராயபுரத்தில் பாதிப் பேர் தின்றிருக்கிறார்கள். அவளேதான் அறுத்துக்கொண்டாள் என்று முனகினாள். கொண்டுவந்தது யார் என்று அடுத்த கேள்வி. அவள் மகனைப் பார்த்தாள். பக்கத்துப் படுக்கைக்கு வந்திருந்த ஒரு மீன்காரி, நிலைமை தெரியாமல், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இன்னா நைனா, உன் வலைல வேற மீனே ஏறலியா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் குப்பத்து மணலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். பேத்தையை வீட்டுக்குக் கொண்டுபோன மீனவன் என்று பெயர் எடுப்பது எங்கள் பக்கத்தில் சாதாரண அவமானம் இல்லை. அதையும் தாங்கிக்கொண்டு அவன் வாயை மூடியே நின்றான். ஏனென்றால் உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும், பெண்ணை ஜெயிலில் போடுவார்கள் என்று கிளம்பும்போதே யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாக முயன்றவரைத் தண்டிக்கும் சட்டம் அந்தக் காலத்தில் இருந்தது.

டாக்டரம்மா அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார். "போலீஸ் வந்தா வரட்டும். எழுத வேண்டியத நான் எழுதுவேன், பேச வேண்டியத நான் பேசுவேன். அது எம்பாடு. எந்த விஷம்னு தெரிஞ்சாத்தான் எந்த மருந்துன்னு நான் முடிவு பண்ண முடியும். தப்பான மருந்தக் குடுத்தேன்னா இவ பொழைக்க மாட்டா."

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பேத்த இல்ல டாக்டரம்மா. மூட்டப்பூச்சி மருந்து. ஓடிப்போய் எட்த்தாரேன்," என்றான். படியில் அவன் காலடிச் சத்தம் கேட்டது. மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயலுக்கு அடிக்கிற புது விஷங்கள் கப்பலில் பீப்பாய் பீப்பாயாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. எந்த வழியாக என்று எனக்குத் தெரியாது, அதில் கொஞ்சம் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைக்கப்பட்டு, மூட்டைப்பூச்சி மருந்து என்ற பெயரில் தெருத்தெருவாக வந்தது. குப்பியில் ஒட்டுக் காகிதம் கிடையாது. வீட்டுக்கு வீடு இருந்தது. தேங்காயெண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குப் பின்னால், கூரையின் மூங்கிலில் சொருகி. எங்கள் வீட்டிலும் இருந்தது, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்புறம்.

அவன் தலைத்துண்டில் சுற்றிய குப்பியோடு திரும்பி வந்தான். டாக்டரம்மா தள்ளி வைத்து முகர்ந்தார். தலையை ஆட்டினார். அவர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. அதற்கு மாற்று மருந்து எங்கள் அலமாரியில் இருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு இருந்த வேலை ஒன்றுதான்: ஊசி போடுவது, கண்மணியைப் பார்ப்பது, நாடி பிடிப்பது, தொண்டையில் சேர்வதை உறிஞ்சி எடுப்பது, மறுபடி ஊசி. அவசரப்படவும் கூடாது, அசட்டையாக இருக்கவும் கூடாது. பால் பொங்குவதற்குக் காத்திருப்பவள் போல நான் அந்தப் படுக்கைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வெயில் ஏறிய பிறகு அவள் கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வாசலில் உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்து, அத்தை ஏதாவது சாப்பிட்டார்களா என்று என்னிடம் கேட்டாள்.

சாப்பிடவில்லை. நான்தான் பிறகு இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். டாக்டரம்மா அவரைத் தம் அறையில் உட்கார வைத்து நெடுநேரம் பேசினார். அவர் வெளியே வரும்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் என் தங்கச்சி வயசு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

டாக்டரம்மா குடும்பத்துக்குச் சில கட்டளைகள் போட்டார். ஏன் குடித்தாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. திட்டக் கூடாது. அவள் மேல் விழுந்து அழக் கூடாது. தனியாக விடக் கூடாது. அவளாகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அவரே தினமும் மாலையில் வந்து அவள் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். வார்டில் வேறு எந்த நோயாளிக்கும் கிடைக்காத சலுகை அது. மற்றவர்கள் முணுமுணுத்தபோது, உங்களுக்கு மாத்திரை, இவளுக்கு இதுதான் மாத்திரை என்று சொல்லிவிட்டார்.

மாமியாருக்கு இந்தக் கட்டளைகள் பெரிய தண்டனையாக இருந்தன. மார்க்கெட்டில் அவள் விலை சொன்னால் பஸ் போகிற சாலையில் கேட்கும். அப்படிப்பட்டவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கவும் கூடாது, திட்டவும் கூடாது, அழவும் கூடாது என்றால் வேறு என்னதான் பேசுவது? கடைசியில் அவளுக்குத் தெரிந்ததையே பேசத் தொடங்கினாள். தினமும் மார்க்கெட் முடிந்து வந்து உட்கார்ந்ததும், சங்கரா எப்படிப் போயிற்று, வஞ்சிரம் யார் எடுத்தார்கள், காரப்பொடி மீன் எப்படி மலிந்து கிடக்கிறது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லுவாள். வார்டு முழுக்கக் கேட்கும். ஒரு நாள், சங்கரா மலிவாயிருக்கிறது, நாளைக்கு எடுக்கலாமா என்று அவள் சுவரைக் கேட்டபோது, படுக்கையிலிருந்து மெல்லிய குரலில் பதில் வந்தது.

"சங்கரா வாணாம் அத்தே. நெத்திலி எட்த்துக்கினு வா."

மாமியார் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "நெத்திலியா? நெத்திலிய யார் ஆயறது? நீயா?" என்றாள். உடனே திட்டக்கூடாது என்பது நினைவுக்கு வந்து பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் இருவரும் சிரிப்பது கேட்டது.

இரண்டொரு நாளில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் பிறந்தது எண்ணூர்க் கழிமுகத்துக் கரையில். அங்கே பெண்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். அவள் எட்டு வயதிலிருந்து பிடித்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு தண்ணீரில் கால் வைத்ததில்லை. இங்கே ஆண்கள்தான் கடலுக்குப் போவார்கள். பெண்கள் கரையோடு சரி. ஒரு தரம் அலையில் முழங்கால் நனைய நின்றதற்கே, கழிமுகத்துக் கொக்கு என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். அன்று குப்பியை எடுப்பதற்கு முன் வீட்டில் நடந்த சண்டை எதைப் பற்றியது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படி ஒரே ஒரு காரணம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் அவளாகச் சொன்னாள்.

"சாவணும்னு நாலு நாளா நெனச்சிக்கினு இல்லக்கா. அந்த நேரத்து கோவம். கைய நீட்டினா குப்பி கீது. கைக்கு எட்டாம இருந்திருந்தா அழுதுக்கினே தூங்கிருப்பேன். சாயங்காலம் எழுந்து அடுப்பு மூட்டிருப்பேன்."

அன்று மாலை அதை டாக்டரம்மாவிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனையோ பேரிடம் இதே பதிலைக் கேட்டிருப்பதாகச் சொன்னார். பிழைத்து எழுந்தவர்களில் பலர் அதன்பின் நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்துக் கோபம் தணிவதற்குள் குப்பி கைக்கு எட்டிவிடுவதுதான் கஷ்டம். பிறகு ஒரு முடிவு சொன்னார். குப்பத்தில் அந்தக் குப்பிகள் இருக்கிற வரைக்கும் இவளை வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. அவள் வீட்டுக் குப்பி போனால் போதாது. ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. சர்க்கரை, மிளகாய் எல்லாம் கேட்டு வாங்குகிற தெரு. குப்பியும் அப்படித்தான் கிடைக்கும். தெரு முழுக்க எடுக்க வேண்டும். நான் பக்கத்திலேயே இருப்பவள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் எங்கள் வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். என் அம்மா, மூட்டைப்பூச்சிக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள்.

கடலுக்குப் போகாத ஒரு நாள், வலை உலர்த்தும் இடத்தில் குப்பத்துக்காரர்கள் கூடினார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் எதிர்க்கவில்லை, அதே சமயம் ஒருவரும் குப்பியைக் கொண்டுவர எழுந்திருக்கவும் இல்லை. கோடைக்காலத்து மூட்டைப்பூச்சி என்றால் என்ன என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். விடியற்காலை அலையில் கட்டுமரம் தள்ளுகிறவன் ராத்திரி கொஞ்சமாவது தூங்க வேண்டும். ஒரு வீட்டுச் சண்டைக்காக ஊர் முழுக்கச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதா என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

அவள் புருஷன் கூட்டத்தின் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்திருந்தான். அதற்குள் அவனுக்குப் பேத்தை என்றே பெயர் விழுந்துவிட்டது. கரையில் அவன் மரம் வந்து ஒதுங்கினால், இன்றைக்கு எத்தனை பேத்தை என்று கேட்பார்களாம். உண்மை எல்லாருக்கும் தெரிந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ஊர் அவ்வளவு எளிதில் நல்ல கேலியை விட்டுவிடாது. அன்றும் ஒரு வயதானவர், பேத்தை வீட்டுக்காரனுக்காக நாம் மூட்டைப்பூச்சியோடு படுத்துக்கொள்வதா என்று சீண்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"ஆமா மாமா, பேத்ததான். பேத்தைல விசம்னு தெரிஞ்சி நாம இன்னா பண்றோம்? கரையிலயே உதர்றோம். வூட்டுக்கு எட்த்துகினு போய் பரண்ல வெக்கிறமா? இத மட்டும் ஏன் எட்த்துகினு போயி சாமி படத்தாண்ட வெக்கிறோம்?"

சிரிப்பு நின்றது. கேலி செய்த பெரியவர்தான் முதலில் பேசினார். "சரிடா. அப்ப மூட்டப்பூச்சிய இன்னா பண்றது?"

அதற்கும் அவன் யோசித்து வைத்திருந்தான். கரைக்கு வந்ததும் கட்டுமரத்தின் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவது இவர்களின் அன்றாட வேலை. கட்டிலையும் அப்படியே செய்வோம் என்றான். கயிற்றை அவிழ்த்து, காலையும் சட்டத்தையும் கழற்றி, கல் கட்டிக் கடலில் ஊறப்போட்டு, உச்சி வெயிலில் சுடுமணலில் புரட்டி எடுத்தால், எந்தப் பூச்சி தங்கும்? கயிற்றுக்கும் துணிக்கும் கொதிக்கிற தண்ணீர். ஒரு வீடு மட்டும் செய்தால் பக்கத்து வீட்டுப் பூச்சி வந்துவிடும். ஊரே ஒரு நாளில் செய்ய வேண்டும்.

அது கூட்டத்துக்குப் பிடித்துப்போனது. கடல் என்றதும் எல்லாருக்கும் பேச்சு வந்துவிட்டது. எவ்வளவு நேரம் ஊற வேண்டும், தேக்கு கறுத்துப்போகாதா, யார் வீட்டுக் கட்டிலில் பூச்சி அதிகம் என்று வாக்குவாதம். பெண்கள் போய்க் குப்பிகளைக் கொண்டுவந்து மணலில் வைத்தார்கள். இளவட்டங்களில் ஒருவன் எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிடலாம் என்றான். அவன் அம்மா அவன் தலையில் தட்டி, கடலில் கொட்டினால் நாம் எதைத் தின்பது என்று கேட்டாள். கடைசியில் சுகாதார இன்ஸ்பெக்டர் மண் நிரப்பிய ஒரு மரப்பெட்டியோடு வந்து எல்லாவற்றையும் வாங்கிப் போனார். குப்பி விற்கிறவனின் சைக்கிள் மணி அதற்குப் பிறகு ஒரு முறை கேட்டதாம். மாமியார் தெரு முனை வரை அவனை வழியனுப்பி வைத்தாளாம். அவள் என்ன பேசினாள் என்பதை நான் இங்கே எழுதுவதற்கில்லை.

பெட்டி போன மறுநாள் டாக்டரம்மா அவளை வீட்டுக்கு அனுப்பினார். மாதம் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டில்கள் கடலுக்குப் போயின. அதற்குள் அவள் நன்றாகத் தேறியிருந்தாள். எனக்கும் விடுமுறை. என் அம்மா, நம் கட்டில் மட்டும் என்ன பாவம் செய்தது என்று சொல்லி, துறைமுகக் கிடங்கில் கழித்துப்போட்ட கயிற்றில் அப்பா பின்னிய எங்கள் கட்டிலையும் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரை முழுக்கச் சட்டங்களும் கால்களும். ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டில் மரங்களைக் கட்டுமரம் போலக் கயிற்றால் பிணைத்து, நங்கூரக் கல் கட்டி அமிழ்த்திக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்டாக்களில் தண்ணீர் கொதித்தது. பெண்கள் கயிற்றை நனைத்தெடுத்து, உதிர்ந்த பூச்சிகளை ஒருவருக்கொருவர் காட்டி, எந்த வீட்டுப் பூச்சி கொழுத்தது என்று பந்தயம் கட்டினார்கள். இந்தப் பூச்சி என் ரத்தம் குடித்து வளர்ந்த பிள்ளை, கொஞ்சம் மரியாதையாக ஊற்றுங்கள் என்று ஒரு கிழவர் சொல்ல, அண்டாவைப் பிடித்திருந்தவள் சிரித்ததில் பாதித் தண்ணீர் மணலில் போயிற்று. யாரோ மாங்காய் கொண்டுவந்தார்கள். மாதம் ஒரு முறை இப்படி வைத்துக்கொண்டால் என்ன என்று அப்போதே பேச்சு வந்துவிட்டது.

வெயில் ஏறும் நேரத்தில் ஒரு கட்டு அவிழ்ந்துகொண்டது. எங்கள் கட்டில்தான். சட்டமும் ஒரு காலும் அலையில் தனியாகக் கிளம்பின. ஆண்கள் மறுபுறம் கல் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் பதறியபோது, என் பக்கத்தில் நின்ற அந்தப் பெண் புடவையைத் தார்ப்பாய்ச்சுவதைப் பார்த்தேன். நான் ஏதாவது சொல்வதற்குள் அவள் அலைக்குள் இறங்கிவிட்டாள். இடுப்பு, மார்பு, கழுத்து. ஒரு பெரிய அலை அவளை மறைத்தது. அவள் புருஷன் கல்லைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அலை தாண்டியபோது அவள் தலை தெரிந்தது; சட்டத்தைப் பிடித்திருந்தாள்; கட்டில் கால் அவள் பல்லுக்கு அடங்காது, ஆனாலும் பறியைக் கடிக்கிற மாதிரி அதன் கயிற்று நுனியைப் பல்லில் கடித்திருந்தாள். நீரோட்டத்தோடு சண்டை போடாமல் சாய்வாக நடந்து, தூரத்தில் கரையேறினாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த மாதிரிச் சிரிப்பை நான் வார்டில் பார்த்ததே இல்லை.

எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள். அவள் மணலில் விறுவிறுவென்று நடந்து போனாள். மருமகளுக்கு எதிரே நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டாள்.

"ஈரத்தோட நிக்காதே. ஜொரம் வந்துச்சின்னா அப்பால அந்த நர்சம்மா என் வாய கட்டிப் போட்ரும்," என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கொக்கு என்று இனிமேல் எவளாவது சொன்னால் அவள் வீட்டுக் கட்டிலைத் தேடிக்கொண்டுவர ஆள் கிடையாது என்று உரக்கச் சொன்னாள். அது சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

மாலையில் கட்டில்களைச் சேர்க்கும்போது பெரிய குழப்பம். மணலில் காய்ந்த கால்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவரவர் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் கட்டிலின் ஒரு கால் வேறு வீட்டுக் கால். அதற்கு அடியில் இன்றும் ஒரு ஓட்டுத்துண்டு வைத்திருக்கிறேன். மூட்டைப்பூச்சி ஒழிந்தது என்று எழுதினால் அது பொய். குறைந்தது. தூங்க முடிந்தது. நான் அந்த வார்டில் இருந்த வரைக்கும் அந்தக் குப்பத்திலிருந்து அப்படித் தோளில் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை.

சொன்னபடியே அவள் மாதாமாதம் வந்தாள். வார்டு வாசலில் நின்று, பேத்தை வீட்டுக்காரி வந்திருக்கிறேன் என்று தானே அறிவிப்பாள். கையில் நெத்திலியோ இறாலோ இருக்கும். இறால் வந்தால் அவள் அம்மா வீட்டுக்குப் போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். டாக்டரம்மா அவளைப் பத்து நிமிஷம் உட்கார வைத்துப் பேசி அனுப்புவார். பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் வந்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் வந்தாள். வர வேண்டிய அவசியம் இனி இல்லை என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் வந்தாள்.

அப்படி ஒரு நாள் வந்தபோது அவள் இடுப்பில் பிள்ளை, கையில் இன்னொரு கை. தலை குனிந்து, அழுது வீங்கிய முகத்தோடு ஒரு சின்னப் பெண். அடுத்த தெருவுக்குப் புதிதாக வாழ வந்தவளாம். நான் பயந்துபோய் எழுந்து, என்ன குடித்தாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் குடிக்கலக்கா," என்றாள் அவள். "எங்காண்ட குடிக்கிறதுக்கு இன்னா கீது? ரெண்டு நாளா சோறு துன்னல, பேசல. அதான் டாக்டரம்மாவாண்ட பேசட்டும்னு இட்டாந்தேன்."

அந்தப் பெண்ணுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, டாக்டரம்மாவை அழைக்கப் போனேன்.